மதுரையில் ஒரு சௌராஷ்டிரம்

மதுரை மாநகருக்கு வருகிற யாத்திரிகர்கள் பார்ப்பதற்கென்று ஒரு வரிசை உண்டு. மீனாட்சியம்மன் ஆலயம், ஆயிரங்கால் மண்டபம், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால், வண்டியூர்த் தெப்பக்குளம் - இவ்வளவையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு, இரவு ரயிலுக்கு மூட்டை கட்டிவிடுகிறார்கள். கண்ணால் காண வேண்டியவற்றை இப்படிக் கண்டுவிடலாம். ஆனால் மதுரையில் காதால் கேட்க வேண்டிய அதிசயம் ஒன்று இருக்கிறது. அதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது, வழிகாட்டியும் தேவையில்லை. சற்று நிதானமாக நடந்தால் போதும்.

மகாலின் வாசலை விட்டு வெளியே வந்து, அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சந்துகளிலும் மாலை வேளையில் நடந்து பாருங்கள். காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிற அம்மாள், சுத்தமான மதுரைத் தமிழில் அவரை இரண்டு ரூபாய் இறங்கி வரச் செய்கிறாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே இருக்கும் மருமகளிடம் ஏதோ சொல்கிறாள். அந்த ‘ஏதோ’ தமிழ் அன்று; தெலுங்கும் அன்று. ஹிந்தி அறிந்தவர்களுக்கு ஒரு சொல் பிடிபடும். அடுத்த சொல் நழுவிப் போய்விடும். தண்ணீர் அங்கே ‘பானி’. சோறு ‘பாத்’. திண்ணையில் கிடக்கும் பாட்டி பேரனை அதட்டுவதும் அந்த மொழியிலேதான். பேரன் பதில் சொல்வது மட்டும் பெரும்பாலும் தமிழில். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம். இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இது சௌராஷ்டிர மொழி. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியா முழுவதிலும் இதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2,47,702 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வாழ்கிறவர்கள். கும்பகோணம், அய்யம்பேட்டை, சேலம், பரமக்குடி, திண்டுக்கல் என்று தறி ஓடிய ஊர்களிலெல்லாம் இவர்கள் குடியேறி இருந்தாலும், மதுரையே இவர்களுக்குத் தலைநகரம் போன்றது. பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இவர்களைப் ‘பட்டுநூல்காரர்’ என்று குறித்திருப்பார்கள். தொழிலைக் கொண்டு பிறர் இட்ட பெயர் அது. அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர், விட்டு வந்த நாட்டின் பெயர்.

விட்டு வந்தது எப்போது? இதற்குச் சரித்திர ஆசிரியர்கள் ஒரு விடையும், சமூகத்தின் ஐதிகம் ஒரு விடையும் சொல்லும். மாளவ தேசத்தில் மந்தசோர் என்னும் ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. லாட தேசமாகிய தென் குஜராத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர் சங்கத்தார், கி.பி. 437-ஐ ஒட்டி அங்கே சூரியனுக்கு ஓர் ஆலயம் கட்டியதையும், 473-ஐ ஒட்டி அதைப் புதுப்பித்ததையும் அது அழகிய சம்ஸ்கிருதத்தில் கூறுகிறது. வத்ஸபட்டி என்ற கவி இயற்றியது. தங்கள் முன்னோர் இவர்களே என்று சௌராஷ்டிரர்களில் பலர் பெருமிதத்துடன் எடுத்துக் காட்டுவார்கள். கஜினி முகம்மது சோமநாதபுரத்தைச் சூறையாடிய பின்னர் அங்கிருந்து புறப்பட்டோம் என்பது மற்றொரு வழக்கு. அதன் பின் யாதவர்களின் தேவகிரி, அதன் வீழ்ச்சிக்குப் பின் விஜயநகரம், விஜயநகரத்தின் ஒளி மங்கிய பின் நாயக்கர்களின் மதுரை - இப்படி ராஜ்யங்கள் சாயச் சாய, தறியைத் தூக்கிக்கொண்டு தெற்கே நகர்ந்து வந்தார்கள். பட்டுக்கு அரண்மனை வேண்டும். அரண்மனை இருக்குமிடத்தில் பட்டு நெய்கிறவனுக்கு இடமுண்டு. திருமலை நாயக்கர் தம் மகாலை எழுப்பியது 1636-இல். அதன் நிழலிலேயே இவர்களுடைய தெருக்கள் அமைந்திருப்பது தற்செயல் என்று சொல்ல முடியாது.

ஐதிகத்தை நம்பாதவர்கள் மொழியை நம்பலாம். சௌராஷ்டிரம் குஜராத்திக்கு நெருங்கிய உறவுடைய ஆரிய மொழி. ஆனால் அதன் மடியில் மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வந்த வழியை யாரும் எழுதி வைக்காமற் போனாலும் நாக்கு எழுதி வைத்திருக்கிறது. மதுரையில் சௌராஷ்டிரர் வாழும் பகுதிகளில் மாலை வேளையில் ‘பங்கரபான்’ என்று ஒரு தின்பண்டம் விற்பார்கள். முள்முருங்கை இலையை அரிசியுடன் அரைத்துத் தட்டிப் பொரித்தெடுத்தது; பச்சைப் பசேலென்று இருக்கும்; சூடாகத் தின்றால் சளிக்கு மருந்து என்பார்கள், மருந்து என்று சொல்லாவிட்டாலும் நாம் தின்றிருப்போம். அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். முள்முருங்கைக்கு மராத்தியில் ‘பாங்காரா’ என்று பெயர். ‘பான்’ என்றால் இலை. தேவகிரி எங்கே, மதுரைச் சந்தில் எரிகிற அடுப்பு எங்கே! நடுவில் எழுநூறு வருஷங்கள் ஒரு தின்பண்டத்தின் பெயரில் உட்கார்ந்திருக்கின்றன.

பழைய நாட்களில் இவர்கள் வீட்டு விவாகங்களில் ஒரு வழக்கம் இருந்தது. சம்பந்தம் பேச வருகிறபோது இரு வீட்டாரும் வினாவும் விடையுமாக ஒரு சம்பாஷணை நடத்துவார்கள். எங்கிருந்து வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்பதும், சௌராஷ்டிரத்திலிருந்து புறப்பட்டு இன்னின்ன நகரங்களைக் கடந்து வந்தோம் என்று விடையளிப்பதுமாக அது நடக்கும். சம்பந்திகள் அடுத்த தெருக்காரர்களாகவே இருப்பார்கள்; ஆயினும் அந்த நீண்ட பிரயாணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாடப் புத்தகமோ பள்ளிக்கூடமோ இல்லாத காலத்தில் ஒரு ஜனக்கூட்டம் தன் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறை இது. மணப்பந்தலே வகுப்பறை.

வந்த இடத்தில் வரவேற்பு எப்போதும் இனிமையாக இருந்துவிடவில்லை. ராணி மங்கம்மாள் ஆட்சியில், ஆவணி அவிட்டத்தன்று உபாகர்மம் செய்த சௌராஷ்டிரர் பதினெண்மரை மதுரை அதிகாரி கைது செய்தார். நெசவுத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தச் சடங்கில் உரிமை ஏது என்பது வழக்கு. ராணி பண்டிதர் சபையைக் கூட்டி விசாரித்து, அவர்களுக்கு அவ்வுரிமை உண்டென்று ஓலைச் சாசனம் கொடுத்தாள். இது 1704-05-ஐ ஒட்டி நடந்தது. உபாகர்மம் என்பது வேத அத்தியயனத்தைத் தொடங்கும் நாள். ஆகவே மதுரைச் சௌராஷ்டிரர்களின் முதல் பெரிய வழக்கு, நிலத்துக்காகவோ வரிக்காகவோ நடந்ததன்று. படிப்பைத் தொடங்கும் உரிமைக்காக நடந்தது என்று சொன்னால் பிழையாகாது.

இதோடு இன்னொரு சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வைத்தியநாதையர் அரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் பிரவேசித்தார். அந்தத் திருப்பணியில் அவருக்குத் துணை நின்ற தேசபக்தர்களில் என். எம். ஆர். சுப்பராமன் ஒருவர், மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் 1905-இல் பிறந்தவர், பிற்காலத்தில் ‘மதுரை காந்தி’ என்று ஊரார் அழைத்தவர். தமக்கு ஒரு வாசல் திறக்க வேண்டுமென்று ராணியிடம் முறையிட்ட சமூகத்தில் தோன்றியவர், இருநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு, பிறருக்கு வாசல் திறந்துவிட முன்வந்து நின்றார். சௌராஷ்டிரர்கள் தங்கள் பெருமைகளைச் சொல்லும்போது மந்தசோரையே முதலில் சொல்கிறார்கள். நம்மைக் கேட்டால், இதை முதலில் சொல்வோம்.

நிற்க. பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

மகாலுக்கு அப்பால் தெப்பக்குளத்தை நோக்கி நீளும் காமராஜர் சாலைப் பகுதியில் சௌராஷ்டிரப் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்கள் பள்ளியின் தொடக்கம் 1886. நெசவாலும் சாயத்தாலும் வியாபாரத்தாலும் பிழைத்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்காகத் தானே கண்ட கல்விச்சாலை அது. மதுரையில் அந்தக் காலம் விசேஷமானது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் இதே நகரில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1904-இல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சுப்பிரமணிய பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். தமிழுக்குப் புத்துயிர் தேடிய அதே ஊரில், அதே ஆண்டுகளில், வேறொரு மொழிக்காகவும் ஒருவர் உறக்கமின்றி உழைத்துக்கொண்டிருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் டி. எம். ராமராய். வீட்டில் பேசப்பட்ட மொழிக்குத் தனி லிபியை ஒழுங்குபடுத்தி, அச்செழுத்து வார்ப்பித்து, குழந்தைகளுக்குப் பால பாடங்களும் நிகண்டும் இலக்கணமும் எழுதி வெளியிட்டார். சௌராஷ்டிரத்தில் மூக்கொலிகளும் ரகர லகரங்களும் ஹகரத்தோடு கலந்து மூச்சாக ஒலிக்கும் சொற்கள் உண்டு. தமிழ் எழுத்தில் அடங்காத அந்த மூச்சுக்கென்று தனிக் குறியே அமைந்த லிபி அது. 2008-இல் கணிப்பொறிகளுக்கான சர்வதேச எழுத்துத் தொகுப்பாகிய யூனிகோடிலும் அந்த லிபி இடம்பெற்றது. உலகத்தில் எந்தக் கணிப்பொறியிலும் அதை எழுதலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

காரணம், லிபி என்ற கேள்வி வந்தவுடன் சமூகம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்துவிட்டது. சொந்த லிபியே வேண்டும் என்பார் ஒரு சாரார். 1920-களில் கூடிய சமூக மாநாடுகளில் தேவநாகரியே தக்கது என்று தீர்மானங்கள் நிறைவேறின. வீட்டில் இருக்கும் பாட்டுப் புத்தகங்களோ தமிழ் எழுத்தில், வர்க்க எழுத்துக்களைக் காட்டத் தலையில் சிறு இலக்கங்களைச் சூடிக்கொண்டு அச்சாகி வருகின்றன. மூன்று கட்சிகளிலும் கற்றவர்கள் இருக்கிறார்கள். மூன்று கட்சிகளுக்கும் நியாயங்கள் இருக்கின்றன. எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்று பெரியவர்கள் ஒரு நூற்றாண்டாக வாதிட்டுக் கொண்டிருக்க, பால் மெல்ல மெல்லச் சுண்டிக்கொண்டு வருகிறது.

பள்ளியில் பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. பெயர்ப் பலகையில் சௌராஷ்டிரம் இருக்கிறது. வகுப்பில் அது பாடமாக நிலைபெறவில்லை. இதைக் குற்றமாக நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் தமிழ்நாட்டில் வாழ வேண்டும், உத்தியோகம் பார்க்க வேண்டும், உலகத்தோடு பேச வேண்டும். அதற்கு வேண்டியதைப் பள்ளி கொடுத்தது. நம் அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. ஆனால் சாசனம் வாசலைத்தான் திறக்கும், உள்ளே போய்ப் படிப்பது நம் பொறுப்பு. மேலும், அக்காலத்தில் பள்ளியில் அம்மொழியைக் கற்பிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஏனெனில் அதைக் கற்பிக்க வேறொரு பள்ளிக்கூடம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அதுதான் தறிக்கூடம்.

குழித்தறியில் தகப்பனார் உட்கார்ந்திருப்பார். கால் மிதியில், கை நாடாவில். பக்கத்தில் தாயார் இராட்டையில் தார் சுற்றுவாள். விடியற்காலையில் தெருவை அடைத்துக்கொண்டு பாவு நீண்டு கிடக்கும். அறுந்த இழையைப் பிணைக்கப் பெரியவர்களும் சிறியவர்களும் இரு புறமும் நிற்பார்கள். எட்டு வயதுப் பிள்ளையும் கூட நின்று கையாள் வேலை செய்யும். அங்கே நடக்கும் பேச்செல்லாம் சௌராஷ்டிரம். இழைக்கு ஒரு சொல், முடிச்சுக்கு ஒரு சொல், சாயத்தின் ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு சொல், சோம்பேறிப் பயலுக்குப் பல சொற்கள்! இலக்கணப் புத்தகம் இல்லாமலே அந்த மொழி நூற்றாண்டுகளைக் கடந்ததன் ரகசியம் இதுவே. அரசும் இல்லை, ஆஸ்தான கவியும் இல்லை. தறி ஓசைக்கு மேல் குரலை உயர்த்திப் பேசும் குடும்பம் மட்டும் இருந்தது.

அந்தத் தறிகள்தாம் குறைந்துவிட்டன. விசைத்தறியும் ஆலைத் துணியும் போட்டியிட்டன. கைத்தறி நெய்து குடும்பம் நடத்துவது கடினமாயிற்று. பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகங்களுக்குப் போனார்கள்; போனது நல்லதே. நகருக்கு வெளியே திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் நிலையூரை ஒட்டிய கைத்தறி நகரில் நெசவாளர்களுக்கென்று அமைந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. கண்மாயும் வயலும் சூழ்ந்த சமவெளியில், மத்தியான்ன வெயிலில், தறியின் சத்தத்தைக் கேட்டபடி அந்தத் தெருக்களில் நடப்பது ஒரு தனி அனுபவம். முன்பு மகாலைச் சுற்றிக் கேட்ட ஓசை நகர எல்லைக்கு ஒதுங்கிவிட்டது.

சுங்குடிச் சேலையின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, உலர்த்திய பின் இழுத்து விடுவார்கள். ‘பட பட’ வென்று முடிச்சுகள் அவிழும். ஒவ்வொரு முடிச்சு இருந்த இடத்திலும் ஒரு வெண்புள்ளி, நட்சத்திரம் போல் பூக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடி இட்டவை. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைகளில் இன்று சுங்குடி என்று தொங்குவனவற்றில் பல, முடிச்சைக் கண்டறியாதவை. மெழுகாலும் அச்சாலும் புள்ளி குத்தப்பட்டவை. அவை மலிவு என்பதை ஒப்புக் கொள்கிறோம். அழகாயில்லை என்றும் சொல்ல மாட்டோம். ஆயினும் நகத்தால் கிள்ளிய புள்ளிகளில் ஒன்றுபோல் ஒன்று இராது. சுங்குடி வாங்கப் போகும் சகோதரிகள் அதைத் தடவிப் பார்த்து வாங்கும்படி கேட்டுக் கொள்கிறோம். கட்டிய துணி சற்றே சுருங்கி மேடு பள்ளமாயிருக்கும்.

மதுரைக்கும் துணிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பேசுகையில் மேலமாசி வீதியை மறக்க முடியாது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, அவ்வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தியடிகள் குல்லாயையும் சட்டையையும் துறந்து முழத்துண்டை ஏற்றார். கதர் வாங்க எங்களுக்குப் பணம் ஏது என்று ஏழைகள் கேட்ட கேள்வி அவரை அப்படிச் செய்தது. பட்டு நெய்து அரண்மனைக்கு அளித்த கைகள் வாழ்ந்த ஊரில், உடுக்கத் துணியில்லாத நாட்டின் சின்னத்தை மகாத்மா அணிந்தார்.

இனி ஒரு கேள்வி. ஒரு சிறிய மொழியைப் பேசும் பிள்ளைகளுக்கு அவர்கள் பள்ளி என்ன செய்ய முடியும்? இது மதுரைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்பானிய மொழி வழியினரான ஜனங்கள் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாரம்பரியத்தைக் கொண்டாட 1968-இல் ஒரு வாரம் ஒதுக்கினார்கள். 1988-இல் அதை ஒரு மாதமாக்கினார்கள். மத்திய அமெரிக்க நாடுகள் பலவற்றின் சுதந்திர தினமாகிய செப்டம்பர் 15-இல் தொடங்கி அக்டோபர் 15 வரை, பள்ளிகளில் அம்மக்களின் பாட்டும் கூத்தும் பலகாரமும் சரித்திரமும் இடம்பெறுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் சிந்திக்கிறவர்கள் கேட்பது இதுதான்: ஒரு மாதம் வண்ணப் பாவாடை கட்டி ஆடிவிட்டு, மீதிப் பதினொரு மாதமும் தாய்மொழியைப் பேச வெட்கப்படும் பிள்ளைக்கு அதனால் லாபம் என்ன? நம் ஊரிலும் ஆண்டு விழா மேடையில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டுப் பாடிக் கைதட்டல் வாங்குவது சுலபம். மறுநாள் மணி அடித்ததும் அந்தப் பாட்டின் அர்த்தத்தை அதே பிள்ளையிடம் கேட்டால் தெரிய வேண்டாமா?

சில தமிழன்பர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். வேற்று மொழியை இங்கே வளர்ப்பது தமிழுக்குக் குறைவாகாதா? நாம் அறிந்தமட்டில் தமிழுக்குச் சௌராஷ்டிரர் கொடுத்தது அதிகமே தவிர, எடுத்தது ஒன்றுமில்லை. ‘வேள்வித் தீ’ எழுதிய கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் இம்மொழியை வீட்டிலே பேசியவர். தமிழில் எழுதி, 1993-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றவர். 1922-இல் மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன், தமிழ் உச்சரிப்புக்கே இலக்கணமென்று தமிழ்நாடு முழுவதும் கொண்டாடிய பாடகர். அவருக்குச் சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களைச் சொல்லித் தந்த சின்னகொண்டா சாரங்கபாணி பாகவதர் சௌராஷ்டிரப் பள்ளியின் பாட்டு வாத்தியார். தாய்மொழி வேறாயிருந்த நாவில் ழகரம் எவ்வளவு இனிமையாக ஒலித்தது! 1980-இல் சங்கு ராம் என்பவர் திருக்குறளைச் சௌராஷ்டிரத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தன் வீட்டுக்குள் வள்ளுவரை அழைத்துச் செல்ல விரும்பியவர்களைப் பார்த்து யார் குறை கூறுவது?

உண்மையில் வெட்கப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. 1940-களில் லண்டன் இந்தியா ஆபீஸ் புத்தகசாலையைச் சேர்ந்த ராண்டில் என்ற ஆங்கிலேயர் இம்மொழியைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஜப்பானியரான உச்சிதா நொரிஹிகோ இங்கே வந்து தங்கிக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, 1990-இல் சௌராஷ்டிர-ஆங்கில அகராதி வெளியிட்டார். குஜராத்திலிருந்து தவே என்பவர் வந்து பார்த்து 1976-இல் நூல் எழுதினார். கடல் கடந்து வந்தவர்கள் பாட்டிமார்களின் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கிச் சென்றார்கள். பேரன்மார் பக்கத்து அறையில் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்ற விழாவுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை முதலிய ஊர்களிலிருந்து ரயிலேறிச் சோமநாதபுரம் சென்றார்கள். முன்னோர் விட்டு வந்த கடற்கரையைக் கண்டு மெய்சிலிர்த்தார்கள். மகிழ்ச்சியே. எனினும் அந்தத் தேசத்தின் இன்றைய பேச்சும் மதுரைச் சந்துப் பேச்சும் ஒன்றல்ல. ஆயிரம் வருஷங்களில் அங்கே ஒரு வழியிலும் இங்கே ஒரு வழியிலும் நடந்துவிட்டன. மதுரைச் சௌராஷ்டிரத்துக்குச் சோமநாதபுரத்தில் புகலிடம் கிடையாது. பிழைத்தால் வைகைக் கரையில்தான் பிழைக்க வேண்டும்.

ஆகவே பள்ளியில் பெரிய பாடத் திட்டம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. லிபிச் சண்டையைப் பெரியவர்கள் தொடர்ந்து நடத்திக் கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்த தமிழ் எழுத்தில், தலையில் இலக்கங்களோடு, ஆரம்பித்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்குப் பத்துச் சொல், பாட்டியிடமிருந்து கேட்டு எழுதி வரட்டும்; தறிச் சொல்லும் சமையற் சொல்லும் வசவும் எதுவாயிருந்தாலும் சரி. சுங்குடி கட்டத் தெரிந்த ஒரு மூதாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்து உட்கார வைக்கட்டும். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களும் கற்கட்டும், அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மதுரையில் பிறந்த பிள்ளை பக்கத்து வீட்டு மொழியில் நூறு வார்த்தை அறிந்திருப்பது அழகுதான். அந்தப் பள்ளியின் பழைய நாட்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு எல். கே. துளசிராம் மத்தியான்னச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார் என்றும், அரசாங்கம் பிற்காலத்தில் செய்ததை அவர் முன்னரே செய்து காட்டினார் என்றும் சமூகத்தார் பெருமையோடு சொல்வதுண்டு. வயிற்றுக்கு வழி கண்ட பெரியோர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாவுக்கு வழி காண்பது அசாத்தியமன்று.

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில், கடச்சனேந்தலை அடுத்துக் காதக்கிணறு என்று ஓர் ஊர் வருகிறது. நடனகோபால நாயகி சுவாமிகளின் சமாதி அங்கே இருக்கிறது. 1843-இல் மதுரையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1914-இல் சித்தியடைந்தவர். கண்ணனை நாயகனாகவும் தம்மை நாயகியாகவும் பாவித்துப் பெண்ணுடை தரித்து, வீதி வீதியாக ஆடிப் பாடியவர். ஆழ்வார்களின் நெறியில் தோய்ந்த அந்தப் பக்தி, தமிழிலும் சௌராஷ்டிரத்திலும் பாட்டாகப் பெருகியது. தறிக்குழியிலிருந்த ஜனங்களுக்கு அவர்கள் மொழியிலேயே பெருமாளைக் காட்டியவர். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி அங்கே பக்தர்கள் பஜனைக்குக் கூடுகிறார்கள். வயதானவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். சிறுவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது. தமிழ் எழுத்தின் தலைமேல் இருக்கும் சிறு இலக்கங்களை விரலால் தொட்டுத் தொட்டு, ஒரு நொடி பின்தங்கி, கூடவே பாடுகிறார்கள். அழகர்கோவில் பஸ்கள் அவ்வழியாகத்தான் போகின்றன. மதுரை வருகிறவர்கள் அரை நாள் கூடத் தங்கினால் போதும்.